அக்காவின் தாளம்

பேரன் மாடியில் ஈரத்துண்டை உதறினான். அந்தச் சத்தம் என்னை நெய்வேலி குவார்ட்டர்ஸின் பின்கட்டுக்கு இழுத்துப் போனது.

அக்கா அப்பாவின் சுரங்க ஷிப்ட் சட்டையை அங்கேதான் உதறுவாள். காய்வதற்குள் கரித்தூள் மறுபடியும் படிந்துவிடும். "கறுப்பே, ஒனக்கு வேற வூடு கெடைக்கலியா?" என்று உதறலுக்கு ஒத்துப் பாடிவிட்டுத் திரும்ப அலசுவாள்.

கல்லூரியில் கிதார் பிடித்ததும் அந்த வரியையும் தாளத்தையும் வைத்து ஒரு ராக் பாட்டு போட்டேன். நகரியத்துப் பையன்கள் எல்லோரும் அதைப் பாடினார்கள். பாட்டு எப்படித் தோன்றியது என்று மேடையில் ஒருவர் கேட்டபோது, "சுரங்கத்தைப் பார்த்து" என்றேன். அக்கா முன்வரிசையில் இருந்தாள்.

"என் பேரச் சொல்லியிருந்தா வெக்கத்துல ஓடியிருப்பேன்டா" என்று வீட்டில் சிரித்தாள். ஆனால் அதன்பின் துணி உதறும்போது அவள் பாடவேயில்லை. நானும் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

"இன்னொரு தடவை உதறுடா" என்றேன் பேரனிடம்.