மேலே ஏறாத மீட்டர்

போன வாரம் நான் வானத்தில் இருந்தபோது, நான் இன்னும் தரையில்தான் நிற்கிறேன் என்று ஒரு மீட்டர் அடம்பிடித்தது.

ஒன்று அல்ல... இரண்டு மீட்டர்கள்!

கீழே தென்னை மரங்கள் கொத்துமல்லிக் கட்டு போலச் சுருங்கிக்கொண்டிருந்தன. ரோட்டில் போன பஸ் தீப்பெட்டி ஆகிவிட்டது. தூரத்தில் கல்வராயன் மலை நீலமாக நின்றது. ஆனால் உயரம் காட்ட வேண்டிய மீட்டர், கிளம்பிய இடத்து எண்ணை விட்டு ஒரு அடி கூட நகரவில்லை.

"இன்னா தம்பி... நாம ஏறிக்கினுதானே இருக்கோம்?" என்றார் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த ஜாபர் பாய்.

"ஏறிக்கினுதான் பாய் இருக்கோம்."

"அப்ப இது யாருக்குப் பொய் சொல்லுது?"

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஜாபர் பாயைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு அறிமுகம். கள்ளக்குறிச்சியில் பம்ப்செட் கடை வைத்திருப்பவர். நாற்பத்தைந்து வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, என்னைவிட வயதில் மூத்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு பழைய விமானத்தை வாங்கியவர். அதை நிறுத்தி வைக்க இடம் வேண்டுமே? கள்ளக்குறிச்சியிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அதன் ஷெட்டில் ஒரு மூலை பாயுடையது. அந்த ஷெட்டில்தான் நான் டெக்னீஷியன்.

சொந்த விமானம் என்றால் எல்லோரும் பறப்பதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை! ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பறக்க, வாரம் முழுக்க யாராவது அதற்கு ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். பைக்குக்குக் கிலோமீட்டர் கணக்கு. இதற்கு மணி நேரக் கணக்கு. நூறு மணி நேரம் பறந்தால் மூடியைக் கழற்றி மொத்தமும் பார்க்க வேண்டும். ஒரு போல்ட்டை மாற்றினாலும் எழுதி வைக்க வேண்டும். எழுதியதற்குக் கீழே இஞ்சினியர் கையெழுத்துப் போட வேண்டும். "இதுல பெட்ரோல் கம்மி தம்பி, பேப்பர்தான் ஜாஸ்தி" என்பார் பாய்.

அந்தக் கையெழுத்தைப் போடும் உரிமம்தான் என் கனவு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள், இருவரும் கைநாட்டு. அந்த வீட்டிலிருந்து வந்த ஒருவன் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு விமானம் கிளம்ப முடியும் என்றால்... யோசித்துப் பாருங்கள்! அதற்கான சிபாரிசுக் கடிதத்தை டைப் செய்து தயாராக வைத்திருந்தார் எங்கள் தலைமை இஞ்சினியர் செல்வராணி மேடம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இந்த நேரத்தில்தான் நான் பாயிடம் வாயைக் கொடுத்தேன். "பாய், முன்னாடி இருக்கற பழைய மீட்டரையெல்லாம் எடுத்துட்டு ஒரே ஸ்கிரீனா மாத்திடலாம். செல்போன் மாதிரி பளிச்சுன்னு இருக்கும்." மூன்று மாதம் விமானம் பறக்கவில்லை. ஸ்கிரீன் வந்தது. வயரிங் முடிந்தது. பழைய மீட்டர்களில் உயரம் காட்டும் ஒன்றை மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று ஓரத்தில் விட்டு வைத்தோம். மேடம் சோதித்துக் கையெழுத்துப் போட்டார். ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், புது ஸ்கிரீனோடு முதல் பறப்பு. வெள்ளிமலை வரை போய்க் கோமுகி அணையைச் சுற்றித் திரும்புவதாகத் திட்டம்.

வெள்ளிமலை எங்கே போக? ஐந்தே நிமிடத்தில் திரும்பினோம். பாய், மீட்டரை நம்பாமல் கண்ணை நம்பி இறக்கினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

"புதுசு வந்து பழசையும் கெடுத்துடுச்சு தம்பி" என்றார் இறங்கியதும். "ஸ்கிரீனைக் கழட்டு. கம்பெனிக்கே அனுப்பிடு. எனக்கு என் பழைய மீட்டரே போதும்."

அவர் டீ குடிக்கப் போனார். நான் விமானத்தின் முன்னால் நின்றேன்.

புதுசு வந்து பழசை எப்படிக் கெடுக்கும்? இரண்டுக்கும் வயரில் சம்பந்தமே இல்லையே. இரண்டு பேர் ஒரே பொய்யைச் சொன்னால், இருவருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஆளாகத்தானே இருக்க வேண்டும்? இரண்டு மீட்டருக்கும் பொதுவானது ஒன்றே ஒன்றுதான்.

ஒரு ஓட்டை!

விமானத்தின் இடப்பக்கம், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டத் தகடு. அதன் நடுவே ஊசி நுழையும் அளவு துளை. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும் அல்லவா? அந்தத் துளை வழியாக அதை உணர்ந்துதான் மீட்டர் உயரத்தைச் சொல்கிறது. துளை அடைத்துக்கொண்டால், தரையில் அடைபட்ட காற்றே உள்ளே இருக்கும். நீங்கள் நிலாவுக்கே போனாலும் மீட்டருக்கு அது தரைதான்.

சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தகடு இருந்தது. துளையைக் காணோம்.

சந்தனம். காய்ந்து, தகட்டின் நிறத்துக்கே வந்திருந்த சந்தனம். நடுவில் லேசாகக் குங்குமச் சிவப்பு.

யார் வைத்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. என் அம்மா.

ஆயுத பூஜைக்கு அம்மாவை அழைத்து வரச் சொன்னதே பாய்தான். "எங்க கடையிலயும் வருசா வருசம் பசங்க பூஜை போடுவாங்க. இதுக்கு நீங்களே வைங்கம்மா" என்று தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நான்தான் பின்னாலேயே நடந்து உயிரை எடுத்தேன்.

"யம்மா, கண்ணாடில வேணாம்... றெக்கையில வேணாம்... ப்ரொப்பல்லர்ல கை வெக்காத..."

"பின்ன இன்னாடா, காத்துலயா வெக்கறது?"

பாய் சிரித்தார். அதற்குள் யாரோ என்னைக் கூப்பிட, நான் போய்விட்டேன். ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தில் அம்மா, வட்டமாக, மையத்தில் புள்ளியோடு, பொட்டுக்கென்றே செய்து வைத்தது போலிருந்த ஒரு இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்!

ஆனால் தப்பு அம்மாவுடையது இல்லை. பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்க ஒரு பட்டியல் உண்டு. அன்று காலை சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். மாலையைக் கழற்றினேன். பட்டியலில் அந்தத் துளையும் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்து டிக் அடித்தேன். கிட்டே போய்க் குனிந்து பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்றதால் பாயும் பார்க்கவில்லை.

கையில் துணி இருந்தது. ஷெட்டில் யாரும் இல்லை. ஈரத்துணியால் துடைத்து, ஊதிவிட்டால் முடிந்தது. 'ஸ்கிரீன்ல ஏதோ லூஸ் கனெக்‌ஷன் பாய், சரி பண்ணிட்டேன்' என்றால் நம்பிவிடுவார். கடிதத்திலும் கையெழுத்து விழுந்துவிடும். துணியைத் தகடு வரை கொண்டுபோனேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அன்று மேலே, பாய் மீட்டரைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாரே... அந்தப் பார்வை கையைப் பிடித்துக்கொண்டது. மீட்டர் பொய் சொன்னதும் அவர் நம்பியது என்னை. இப்போது நானும் அந்த மீட்டர் மாதிரி பொய் சொன்னால்?

துடைக்காமல் போய் மேடத்தைக் கூப்பிட்டேன்.

மேடம் குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டி முகர்ந்தார். "நல்ல சந்தனம்" என்றார். பிறகு, "துடைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது மேடம்."

"பதிவேட்டுல எழுது."

எழுதினேன். 'துளை அடைப்பு. காரணம்: சந்தனம். பறப்பதற்கு முன் நான் சரியாகப் பார்க்கவில்லை.' உண்மையைச் சொன்னதால் கடிதம் உடனே கைக்கு வந்தது என்று முடித்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். வரவில்லை. "இந்த விமானம் இன்னும் நூறு மணி நேரம் பறக்கட்டும். ஒவ்வொரு தடவையும் நீதான் சுத்திப் பாக்கற. அப்புறம் பேசலாம்" என்று கடிதத்தை டிராயருக்குள் வைத்துவிட்டார்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் பறக்கிற விமானம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு வருடம்!

ஸ்கிரீன் பிழைத்தது. பாயிடமும் நடந்ததை அப்படியே சொன்னேன். அரை டம்ளர் டீ முடிந்த பிறகு, "ஏழுமல, இனிமே நான் டெய்லி பறக்கறேன்டா. ஒனக்காவ பம்ப்செட் கடையை மூடிட்டாப் போச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா? சொன்னேன். காற்றழுத்தம், துளை, மீட்டர் என்று நான் சுற்றி வளைக்க, அம்மா நடுவில் நிறுத்தினார்.

"கெழங்கு புடுங்க வெள்ளிமலைக்குப் பஸ்சுல ஏறக்கொள்ள, வளைவுல காது கும்முனு அடைக்குமே... அதுவா?"

அதேதான். நான் இரண்டு வருடம் படித்தது, கச்சிராயபாளையத்து பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட்டோடு கிடைத்திருக்கிறது.

"அப்ப நான் அதோட காதுலயா சந்தனத்த அப்பிட்டேன்? அடப் பாவமே! உள்ள ஆளு இருந்தீங்களே..." என்று வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. அடுத்த வருடமும் வரச்சொல்லிப் பாய் சொன்னதாகச் சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனார்.

சாப்பாடு போட்டுக்கொண்டே ஏதோ யோசனையில் இருந்தவர், அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, மிக்சிக்கும் அன்னைக்கு வெச்சேனே... அதுக்குக் காது எங்க இருக்குது?"

தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். இந்த முறை தூரத்திலிருந்து டிக் அடிக்கவில்லை.