பெட்டி எழும்பும் சுரம்

எங்கள் தேவாலயப் பங்கில் யார் செத்தாலும் முதலில் கோயில் மணி அடிக்கும். அடுத்ததாக என் வீட்டுக் கேற்றைத் தட்டுவார்கள். பங்கு பாண்டில் ட்ரம்பெட் ஊதுகிறவன் நான். துறைமுகத்தில் வேலை செய்து பென்சனும் எடுத்தாயிற்று. முன்பல் ஒன்று ஆடுகிறது. முழங்கால் சொல்வழி கேட்பதில்லை. ஆனாலும் வெள்ளைச் சேர்ட்டை மாட்டிக்கொண்டு, புதைக்கிற சேமக்காலை வரை தார் ரோட்டில் ஊதிக்கொண்டே நடக்க வேண்டும். ஊருக்குள் திரிகிற மான்கள் நடுவில் படுத்திருந்தால் அவை எழும்பும்வரை வெயிலில் நிற்கவும் வேண்டும். எனக்குக் களைத்துப்போய்விட்டது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் செபம் முடிந்ததும் சவப்பெட்டி தூக்குகிறவர்கள் குனிந்து கைபிடிகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ‘தூக்குங்கோ’ என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. அதற்காகத்தான் எங்கள் மெட்டு. கிளாரினெட் மெதுவாகத் தொடங்கும். மேளத்தின் விளிம்பில் குச்சி டக்டக்கென்று நடக்கும். பிறகு நான் சேர்ந்து, படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரு நீண்ட சுரம் பிடிப்பேன். அந்தச் சுரத்தில் பெட்டி எழும்பும். சுரம் நின்றதும் நடை தொடங்கும்.

மெட்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரன் ஒருவன் எங்கள் பழைய பாண்ட் மாஸ்டருக்குக் கொடுத்த கசற்றில் இருந்தது அது. மேலே ஒட்டிய தாள் உரிந்துபோயிருந்தது. போட்டுக் கேட்டால் மணி அடிக்கிறது. ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் சொல்லே இல்லாமல் பாடுகிறது. வயலின்கள் கூட்டமாக எழும்புகின்றன. நடுவில் ட்ரம்பெட் ஒன்று தனியாக அழுகிறது. இது ரோமாபுரிப் பூசைதான் என்று மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். அவ்வளவு பெரிய வாத்தியக் குழுவையும் காய்ச்சி வற்றவைத்து எங்களுக்கு அளவாக்கினார். வயலின்களைக் கிளாரினெட்டுக்குக் கொடுத்தார், பாடுகிற கூட்டத்தை யூபோனியம் என்ற பெரிய ஊதுகுழலுக்கு. ட்ரம்பெட்டை மட்டும் ட்ரம்பெட்டுக்கே விட்டார்.

கனடாவிலிருந்து வந்து உப்புவெளியில் தங்கியிருந்த ஒருவர் உறவினரின் செத்தவீட்டில் இதைக் கேட்டு, கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பின்னேரம் போனில் எதையோ தேடி எடுத்து ஃபாதரிடம் காட்டினார். ஃபாதர் என்னைக் கூப்பிட்டு எனக்கும் காட்டினார். அது ஒரு பழைய கௌபோய் படம். புழுதித் தெருவில் தொப்பிக்காரன் ஒருவன் குதிரையில் வருகிறான். மணி அடிக்கிறது. நான் பிடிக்கிற அந்த நீண்ட சுரத்தில் துவக்கை எடுத்து இன்னொருவனைச் சுட்டுவிடுகிறான்.

எனக்கு வெட்கம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. அத்தனை வயலின்கள் பின்னால் நின்று தாங்கினால் யாருக்குத்தான் மூச்சு நீளாது.

“ஐயா, கொலைகாரன் வாற மியூசிக்குக்குப் பெட்டி தூக்கினா சனம் சிரிக்கும். இனிக் கோயில் கீதம் மட்டும் வாசியுங்கோ” என்றார் ஃபாதர். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாதாட உடம்பில் தெம்பில்லை.

அடுத்த செத்தவீட்டில் கீதம் வாசித்தோம். பெட்டிக்காரர்கள் குனிந்தபடியே நின்றார்கள். எந்த இடத்தில் தூக்குவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. யாரோ பின்னாலிருந்து “தூக்கடா, தூக்கு!” என்று கத்தினான். ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் எழும்பாமல் பெட்டி சரிந்தது. செத்தவரின் மகள் அலறிய அலறல் இன்னும் காதில் நிற்கிறது. ஃபாதர்தான் பாய்ந்துபோய்த் தோள் கொடுத்தார்.

என் மனைவியும் அங்கே நின்றாள். அப்போது அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தோம். அன்று பின்னேரம் குசினிக் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, எனக்கு ஒருத்தரும் தூக்கு எண்டு கத்தக் கூடாது. நீங்கள் பழைய மெட்டைத்தான் ஊதோணும்.”

“விசர்க்கதை கதையாதை.”

“ஓம் எண்டு சொல்லுங்கோ.”

“ஓம்” என்றேன்.

மாரி தொடங்குவதற்கு முன்னமே போய்விட்டாள். ஃபாதர் வீட்டுக்கு வந்தபோது, “அவவுக்கு வாக்குக் குடுத்திட்டன், ஃபாதர்” என்று மட்டும் சொன்னேன். “வாசியுங்கோ ஐயா. கடவுள் அந்தப் படத்தைப் பாத்திருந்தாலும் பரவாயில்லை” என்றார். துக்கக்காரன் ஊதக் கூடாது, வேறு ஆளைப் பிடிக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செபம் முடிந்தது. கிளாரினெட் தொடங்கியது, குச்சி நடந்தது, நானும் சேர்ந்தேன். ஏறி உச்சிக்கு ஒரு படி கீழே வந்தபோது, கைபிடிகளில் இறுகியிருந்த கைகளைப் பார்த்தேன். இத்தனை காலமும் அந்தச் சுரம் எனக்கு உதடு நோகிற ஒரு இடம், அவ்வளவுதான். எப்போது முடியும், எப்போது வீட்டுக்குப் போய்ச் சாயலாம் என்றிருக்கும். இப்போது அதை ஊதினால் அவளைக் கொண்டுபோய்விடுவார்கள். நான் ஊதினால்தான் கொண்டுபோவார்கள்.

ஊதவில்லை. இறங்கி மறுபடி தொடக்கத்துக்குப் போனேன். கிளாரினெட்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கூடவே வந்தார். மறுபடி ஏறினேன், மறுபடி இறங்கினேன். பெட்டிக்காரர்களின் நெற்றி வேர்வை மூடியில் சொட்டியது. ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முற்றம் நிறைந்த சனத்தில் ஒருவர்கூட ‘தூக்கு’ என்று சொல்லவில்லை.

பெட்டியின் முன்பக்கக் கைபிடியைப் பிடித்திருந்த கடற்றொழிலாளி, குனிந்தபடியே தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

“அண்ணை, எங்களுக்கு ஏலுமான மட்டும் நிக்கிறம். நீங்கள் ஆறுதலா ஊதுங்கோ.”

அதைக் கேட்ட பிறகு அவர்களை நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. மூச்சை இழுத்து ஊதினேன். பெட்டி ஒரு பக்கமும் சரியாமல் எழும்பியது. சுரத்தை விட்டால் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். மூச்சு இருந்தவரை விடாமல் பிடித்திருந்தேன்.