அப்பாவின் தலைமுடி

முதன்முதலில் யாருடைய தலையை வெட்டினோம் என்பது லோசேக்கு நினைவில்லை. மாங்கெரே என்ற புறநகரில் குடியேறி வாழும் தோங்கா தீவுச் சனங்களில் யார் இறந்தாலும் ஆளுயரப் பேனர் வேண்டும். அதில் இறந்தவர் மேகங்களுக்கு நடுவே நிற்க வேண்டும். அதற்கு யாராவது அவரைப் பழைய படம் ஒன்றிலிருந்து தனியாக வெட்டி எடுக்க வேண்டும். கிராஃபிக் டிசைன் படிக்கப் போன முதல் வருஷத்திலேயே அந்த வேலை லோசேயிடம் வந்து சேர்ந்தது. கல்யாணத்தில் எடுத்தது, தேவாலய வாசலில் எடுத்தது, பாதி முகம் நிழலில் விழுந்தது என்று எந்தப் படம் வந்தாலும் கம்ப்யூட்டரில் விரித்து வைத்து, முடியோரமாகவே நிதானமாகப் போவாள்.

"என் பொண்ணு முடியை ஒவ்வொண்ணா பிரிச்சு எடுப்பா, தெரியுமா? நீ செத்தா சொல்லு, மாப்பிள்ளை மாதிரி ஆக்கி அனுப்பி வைப்பா," என்று அவள் அப்பா மனாசே, கவா என்கிற வேர்ச்சாறு குடிக்க உட்காரும் இடத்தில் பெருமையடிப்பார். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை அவருக்கு.

இரண்டாம் வருஷ முடிவில் மாணவர்கள் படம், எழுத்து வடிவம், அசைபடம் ஆகியவற்றில் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லோசே எதற்குப் போவாள் என்று யாரும் கேட்கவில்லை. ஆசிரியை ஹெதர், படப் பிரிவில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது போலவே பேசினார். சொந்த வேலை ஒன்றைத் தேர்வுக்கு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் மனாசே வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

தோங்கா வழக்கப்படி சாவு வீட்டில் அப்பாவின் அக்கா கலோ அத்தை வைத்ததுதான் சட்டம். அத்தையும் அவர் மகள் தூபோவும் தலைமாட்டில் உட்கார்ந்தார்கள். மனாசேயின் பிள்ளைகளுக்கு அடுப்படி. லோசே கறுப்பு உடைக்கு மேல், துக்கத்துக்குக் கட்டும், முழங்காலுக்குக் கீழே தொங்கும் கிழிந்த பெரிய பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு சேம்பங்கிழங்கு சீவினாள். அழுகை வரவில்லை. கிழங்கு வழுக்கிக் கீழே விழுந்தது. கழுவி எடுத்து மறுபடி சீவினாள்.

தூபோ அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "பேனர் என்னாச்சு? அச்சகத்துல மத்தியானத்துக்குள்ள கேக்குறாங்க. ஊர்ல இருக்கவனுக்கெல்லாம் செஞ்சு குடுத்தே, சொந்த அப்பனுக்குக் கை வரலியா?"

லோசே பாயோடு போய், கம்ப்யூட்டர் முன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். படத்தை அத்தை முன்பே பொறுக்கி வைத்திருந்தார். வேன் ஒன்றின் முன்னால் வெள்ளைச் சட்டையோடு அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சட்டை வந்தது, தோள் வந்தது, கழுத்து வந்தது. காது மடலில் அவள் கை நின்றுவிட்டது.

பிள்ளைகள் தகப்பன் தலையைத் தொடக் கூடாது. யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. நெருப்பைத் தொடக் கூடாது என்பதுபோல அது தெரிந்திருந்தது. சிறுமியாக இருந்தபோது அப்பாவின் தலையில் சருகு ஒட்டியிருந்தால் விரலை நீட்டிக் காட்டுவாளே தவிர எடுக்கமாட்டாள். அவருக்கு முடி வெட்டுவது எப்போதும் அத்தைதான், கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்து. ஒவ்வொரு தடவையும் வலது காதுக்கு மேலே எலி கடித்ததுபோல் ஒரு பள்ளம் விழும். அப்பா பேசாமல் தொப்பியை மாட்டிக்கொள்வார்.

"வெறும் படம்டி அது," என்றாள் தூபோ.

"தெரியுது."

"அப்புறம் என்ன?"

"கை போகல."

தூபோ உள்ளே திரும்பி, "அம்மா, இங்க வா. உன் மருமகளால முடியலயாம்," என்று குரல் கொடுத்தாள்.

அத்தை வந்து திரையைப் பார்த்தார். மவுஸின் மேல் கிடந்த கையைப் பார்த்தார்.

"தள்ளு."

"அத்தே, இது உங்களுக்குப் பழக்கமில்ல..."

"அவன் தலையை அம்பது வருஷமா பிடிச்சிருக்கேன், இந்தக் கருமத்தைப் பிடிக்க முடியாதா? எங்க அமுக்கணும், அதைச் சொல்லு."

லோசே சொல்லச் சொல்ல அத்தை அமுக்கினார்.

"மெதுவா, அத்தே. ஓரமாவே போங்க."

"எனக்குத் தெரியாத ஓரமா?"

நெற்றி சரியாக வந்தது. உச்சியும் பரவாயில்லை. வலது காதுக்கு மேலே வரும்போது கை சறுக்கி, ஒரு பிடி முடி வேனோடு போய்விட்டது.

தூபோ சிரித்துவிட்டாள். "படத்துலயும் அதே வெட்டா! மாமா தொப்பி கேப்பாரு பாரு."

அத்தையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் மேசையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். லோசே அவர் முதுகில் கை வைத்தபடி நின்றாள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அத்தை போனதும் அப்பாவின் பெயரையும் பிறந்த, இறந்த வருஷங்களையும் கீழே எழுதி அச்சகத்துக்கு அனுப்பினாள். அடக்கம் முடியும்வரை அப்பா மேகத்துக்கு நடுவே அந்தப் பள்ளத்தோடு நின்றார். வந்தவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பாயைக் கட்டிக்கொண்டே லோசே கல்லூரிக்குத் திரும்பினாள். தேர்வுக்கு அந்தப் பேனரையே வைத்தாள். வேறு எதையும் வைக்கத் தோன்றவில்லை.

"அப்பாவா?" என்றார் ஹெதர். "கேள்விப்பட்டேம்மா. ரொம்ப வருத்தமா இருக்கு." படத்தில் காதுக்கு மேலே விரலை வைத்தார். "இந்த இடத்தை மட்டும் சரி பண்ணிடு. உனக்கு இது ஒரு வேலையே இல்ல. இப்படியே வச்சா மத்த டீச்சருங்க படப் பிரிவுல இடம் தரமாட்டாங்க. இல்லன்னா வேற ஒண்ணு வை. உன்கிட்டதான் எவ்வளவோ இருக்கே."

லோசே படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். திரை முழுக்கக் காது. போன முடியைத் திரும்பக் கொண்டுவருவது சுலபம். கம்ப்யூட்டரில் எதுவும் தொலைந்துவிடுவதில்லை. இறந்துபோன இத்தனை பேரின் பிள்ளைகள் படத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் மனசுக்குள் எதுவும் அசையவில்லை. கையும் அசையவில்லை.

"என்னை எழுத்துப் பிரிவுல போடுங்க," என்றாள்.

"என்னது? படம்தான் உன் கையில இருக்கு, லோசே."

"எழுத்துலயே போடுங்க."

"இந்த ஒரு ஓரத்துக்காகவா?"

"ஆமா."

ஹெதர் பேனரின் கீழே இருந்த பெயரைக் குனிந்து பார்த்து, "சரி, எழுத்துல இடம் தருவாங்க," என்றார்.

விஷயம் தெரிந்ததும் அத்தை கத்தினார். "உங்கப்பன் இருந்திருந்தா ஏசியிருப்பான்."

"தெரியும், அத்தே."

"நானும் ஏசத்தான் போறேன். முதல்ல சாப்பிடு."

அடுத்த மாதம் தேவாலயப் பாட்டுக்குழுவில் அடிக்குரல் பாடிவந்த பெரியவர் ஒருவர் இறந்தார். அவர் மகன் படத்தைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றான். லோசே ஒரு முடிகூட விடாமல் தலையைச் சீக்கிரமே வெட்டி எடுத்தாள். பிறகு பெரியவரின் பெயரை எழுத்தெழுத்தாக வரைய உட்கார்ந்தாள். அதற்குத்தான் சாயங்காலம்வரை ஆயிற்று.