எஞ்சின் ஆறியிருந்தால் கேட்கும் சத்தம்

பிள்ளைகளே, பெரியப்பாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறையிலிருந்து நாம் திரும்பி வரும்போது, காய்கறி மண்டிக்காரர் ஒருவர் உங்கள் காதுபடவே சொன்னார்: "நல்ல மனுஷன்தான். ஆனா தெலுங்குல கூப்ட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு." நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இனி சொன்னால் தப்பில்லை. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். எழுதத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவில் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டி. அதை வாங்கி, பின்னால் பலகை அடித்து, பலமனேர் சந்தையில் தக்காளியும் முட்டைக்கோசும் ஏற்றி, மலையிறங்கி, சித்தூர், புத்தலப்பட்டு வழியாகத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ப் போடுவோம். சித்தூரிலிருந்து பலமனேர் ஏற்றத்தில் பெரியப்பா ஓட்டுவார். இறக்கத்தில் நான். சித்தூர் தாண்டிய பிறகு மறுபடி அவர்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, சித்தூர் அதில் சேர்ந்துவிட்டிருந்தது. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. டீக்கடையில், மண்டியில், கோயில் வாசலில்கூட அதே பேச்சுதான். உங்கள் அம்மாவின் ஊர் திருத்தணிப் பக்கம். அது மெட்ராஸோடு போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பிள்ளைகள் தமிழில் படிக்கவேண்டுமானால் இப்போதே வந்து சேர் என்று உங்கள் மாமன்மார் ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இது பெரியப்பாவுக்குத் தெரியும். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் வண்டியில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

பலமனேரிலிருந்து இறங்கும் டிரைவர்கள் எல்லோரும் ஒன்று செய்வார்கள். மலை உச்சி தாண்டியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கை நம்பி வண்டியை அப்படியே உருட்டிக்கொண்டு வருவார்கள். பெட்ரோல் மிச்சம். நாங்களும் அப்படித்தான். அடிவாரத்தில் ரோடு சமமானதும், ஓட்டத்திலேயே கியரைப் போட்டு எஞ்சினைக் கிளப்புவேன். கிளப்பின உடனே டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமும் வேகமாகும். கொஞ்ச தூரம் போனதும் மெலிந்து, இருக்கும் இடம் தெரியாமல் போய்விடும். சில நாள் வரும், சில நாள் வராது. வெயில் கடுமையான நாட்களில் வந்ததே இல்லை.

முதல் தடவை கேட்டதும் பக்கத்தில் இருந்த பெரியப்பாவிடம் கத்தினேன்.

"அண்ணா, கேக்குதா?"

"இன்னாது?"

"டிக் டிக்னு எஞ்சின்ல."

அவர் ரோட்டைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. கல்லு தெறிக்குது. நீ ஓட்டு" என்றார்.

சித்தூர் ஷெட்டில் வண்டியை விட்டேன். அங்கே போய்ச் சேர்வதற்குள் சத்தம் நின்றுபோயிருக்கும். மெக்கானிக் ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். நான் விடாமல் சொன்னதால் டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்தார். சத்தம் போகவில்லை. ஆயிலை மாற்றினோம். அப்போதும் போகவில்லை. கடைசியில் அவர், இது உள்ளே பேரிங் போகிற சத்தமாக இருக்கலாம், அப்படியானால் ஒருநாள் நடுரோட்டில் எஞ்சின் இறுகி நின்றுவிடும், ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டியை விற்றுத் தள்ளிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்றார்.

நான் அதை அப்படியே பெரியப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் சக்கரத்து நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வித்துட்டு, பாதிய எடுத்துக்கினு அந்தப் பக்கம் போலாம்னு பாக்குறியா?"

"அண்ணா, சத்தம் வருது. சத்தியமா வருது."

"வண்டியில இல்லடா. உன் மாமியா ஊட்டுல இருந்து வருது அந்தச் சத்தம்."

அதன் பிறகு நாங்கள் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. வண்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவோம், வருவோம். அடிவாரத்தில் சத்தம் வரும். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அதில் ஒரு அசைவும் இருக்காது. கேட்டும் கேட்காதமாதிரி இருக்கிறார், நான் போய்விடக்கூடாது என்பதற்காக எஞ்சினே போனாலும் பரவாயில்லை என்று இருக்கிறார் என்று நான் நினைத்தேன். பொய் சொல்லிப் பிரிகிறான் என்று அவர் நினைத்தார். ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். வண்டி போனால் இன்னொன்று வாங்கலாம். என் அண்ணன் என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டே இருக்கப்போகிறார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் பெரியப்பா ஏதோ காரியமாகப் பலமனேரிலேயே நின்றுவிட்டார். பஸ்ஸில் வருகிறேன் என்றார். நான் மட்டும் வண்டியை இறக்கினேன். மழை பிடித்து, மலையெல்லாம் ஈரக்காற்று. அடிவாரத்தில் எஞ்சினைக் கிளப்பியதும் டிக் டிக் என்று நன்றாகக் கேட்டது. ஓரம்கட்டி நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் மூடியைத் திறந்தேன். சத்தம் வரும்போதே எஞ்சினைத் திறந்து பார்த்தது அன்றுதான். எதற்கு இத்தனை நாள் ஷெட்டுக்கே ஓடினேன் என்று இருந்தது.

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மறுபடி மாட்டிப் பார்த்தேன். மூன்றாவதைப் பிடுங்கியபோது சத்தம் செத்துவிட்டது. மாட்டினால் திரும்ப வந்தது. அந்த இடத்தில் குனிந்து பார்த்தேன். எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாய் எஞ்சினோடு சேரும் மூட்டில், விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. அதன் அருகில் உள்ளங்கையைக் காட்டினேன். புஸ் புஸ் என்று காற்று கையில் அடித்தது. சத்தமும் அதுவும் ஒரே தாளம். நான் அப்படியே நின்றுகொண்டிருக்கும்போதே குழாய் சூடேறியது, காற்று குறைந்தது, சத்தமும் குறைந்து நின்றது.

எனக்கு விளங்கிவிட்டது. மூட்டின் நடுவில் வைத்திருக்கும் கேஸ்கட் எரிந்து போயிருக்கிறது. இரும்பு சூடானால் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். ஆறினால் சுருங்கி வழிவிடும். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டி வருவதால், அடிவாரம் சேரும்போது எல்லாம் ஆறிக் கிடக்கிறது. பேரிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு தகடு மாற்றினால் தீர்ந்தது. வண்டியை விற்கவேண்டாம். அண்ணாவிடம் போய்ச் சொல்லலாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரிக்கையோடு மட்கார்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்தில்தான் அந்த யோசனை வந்தது. எஞ்சின் ஆறியிருந்தால் சத்தம் வரும் என்றால், இதைவிட ஆறிக் கிடப்பது விடியற்காலையில். பலமனேரில் கிளப்பும்போது சந்தை இரைச்சலில் எதுவும் கேட்காது, சரி. சித்தூரில் காலையில் வண்டி நிற்பது பெரியப்பா வீட்டு முற்றத்தில். ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பி, சூடேறும்வரை பக்கத்திலேயே நிற்பவர் அவர். பிறகுதான் என் வாசலுக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்வார். ஊர் அடங்கிக் கிடக்கும் நேரத்தில், இந்தச் சத்தம் தினமும் அவர் முகத்துக்கு நேராக அடித்திருக்கவேண்டும். கேட்டிருந்தால் மூடியைத் திறந்து பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

மட்கார்டைவிட்டு எழுந்தேன். சந்தோஷமெல்லாம் வடிந்துபோயிருந்தது.

மறுநாள் விடியும்போதே அவர் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே டிக் டிக் என்று கேட்டது. பெரியப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் நின்று வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பால்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தவர், மணியடித்து, காலை ஊன்றி நின்று, "ஏமன்னா, இஞ்சின்லோ ஆ சப்தம் ஏமிட்டி?" என்று என்ன சத்தம் அது எனக் கேட்டார். பெரியப்பா துடைத்துக்கொண்டே இருந்தார். பால்காரர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மெட்ராஸ் கட்சி ஆள், நம்மோடு எங்கே பேசுவார் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லைச் சண்டையில் பிடிவாதம் பிடித்த தமிழன் என்று. நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அண்ணா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிடவும் எனக்கு மனம் வரவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். அவர் திடுக்கிட்டுப்போனார்.

நான் எஞ்சின் மூடியைத் திறந்தேன். அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையை அந்த மூட்டின் அருகில் கொண்டுபோனேன். காற்று அவர் கையில் அடித்தது. அவர் கையை எடுக்கவில்லை. குனிந்து அந்தக் கரியைப் பார்த்தார்.

"இதுவா?" என்றார்.

"இதுதாண்ணா. கேஸ்கட். வேற ஒண்ணும் இல்ல."

நான் பேசும்போது அவர் என் உதட்டைப் பார்ப்பதை அன்றுதான் கவனித்தேன்.

"எத்தினி நாளா இப்பிடி?" என்று கேட்டேன். வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அவருக்குப் புரிந்தது.

"கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சிக்கினே போவுது. தடிச்ச சத்தம் வருது. மெல்லிசா இருக்கறது எதுவும் வர்றதில்ல." துணியை மடித்தார், பிரித்தார். "தமிழ்னா வாயப் பாத்து பிடிச்சிக்குவேன். மண்டியில அவங்க தெலுங்குல கடகடன்னு பேசுறாங்க, பிடிபடல. மெட்ராஸ் கட்சின்னாங்க. சொல்லிட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன். செவுடன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும்."

பிறகு எஞ்சினைப் பார்த்துக்கொண்டே, "நீயும் போயிடுவ" என்றார்.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. எல்லை முடிவாகி, உங்கள் அம்மாவின் ஊர் மெட்ராஸோடு சேர்ந்தது. வரவில்லை என்று உங்கள் மாமன்மாருக்குச் சொல்லி அனுப்பினேன். ஏன் என்று உங்கள் அம்மா கேட்டாள். வண்டி நன்றாக ஓடுகிறதே என்று மட்டும் சொன்னேன். அவள் வெகுநாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நீங்கள் தெலுங்கில் படித்து வளர்ந்ததற்குக் காரணம் இதுதான். இதில் உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். இருந்தால் அது நியாயம்தான். மலை ஏற்றத்திலும் திருப்பதி ரோட்டிலும் அதுமுதல் நான்தான் ஓட்டினேன். சித்தூருக்குள் மட்டும் அவர் ஓட்டினார். அவர் கையிலிருந்து ஸ்டியரிங்கை ஒரேயடியாகப் பிடுங்க என்னால் ஆகவில்லை.

கேஸ்கட்டை மாற்றியது ஒரு சனிக்கிழமை. வண்டியை ஓட்டிப் பார்த்து, சத்தம் இல்லை என்று நான் தலையசைத்தேன். அவரும் தலையசைத்தார்.

மறுநாள் எல்லோரும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு நான் அவர் வீட்டு முற்றத்துக்குப் போனேன். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க எங்கள் பிக்கப்பில் கண்ணாடி கிடையாது. ஹாரன் அடித்தால் ஒதுங்குவோம், அவ்வளவுதான். பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய கண்ணாடியைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி வைத்திருந்தேன். அதை டிரைவர் பக்கக் கதவின் தூணில் பட்டை வைத்துப் பிணைத்தேன். உள்ளே ஏறி உட்கார்ந்து, பின்னால் தெரு முழுக்கத் தெரியும்வரை திருப்பினேன். பெரியப்பா என்னைவிட உயரம். சீட்டில் முழங்காலை ஊன்றி, தலையை அவர் உயரத்துக்குக் கொண்டுபோய், மறுபடி ஒரு தடவை பார்த்தேன். கண்ணாடியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, திருகாணியை இறுக்கினேன்.