அய்யனார் உண்டியலில் ஒரு ஸ்கூட்டர் சாவி

உடையார்பாளையத்தில் உரக்கடை வைத்திருக்கும் முத்தமிழ்செல்வனிடம் எந்தப் பொருளும் ஒற்றையாக இருக்காது. மூக்குக்கண்ணாடி இரண்டு. டார்ச் லைட் இரண்டு. மழைக்கு ஒரு குடை, அந்தக் குடை தொலைந்தால் எடுத்துக்கொள்ள இன்னொரு குடை. வெளியூர் போனால் பைக்குள் மாற்றுச் செருப்பு இருக்கும். வழியில் வார் அறுந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் அவருக்கு இரக்கம் வராது, எரிச்சல்தான் வரும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடமே, "இன்னொன்னு குடுத்துட்டுப் போங்க, ஸ்பேருக்கு" என்று கேட்டு வாங்கிய மனுஷன்.

அவர் மனைவி கொளஞ்சியம்மாள் அப்படியே நேர்மாறு. காலையில் கரண்டியைத் தேடுவாள், மதியம் கண்ணாடியைத் தேடுவாள், சாயங்காலம் எதைத் தேட வந்தோம் என்பதைத் தேடுவாள். அவள் வீட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கும்போது முத்தமிழ்செல்வன் நாற்காலியை விட்டு அசையாமல் ஒரே வார்த்தையைச் சொல்வார்.

"வச்ச எடத்துல வச்சா எங்கயும் போவாது கொளஞ்சி."

முப்பது வருஷமாக இந்த ஒரு வார்த்தை. ஒரு நாளாவது எழுந்து கூடத் தேடினாரா என்றால் இல்லை. தேடிக் கொடுத்தால் அவளுக்குப் புத்தி வராதாம்.

இந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து குலசாமி அய்யனார் கோயில் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். ஊருக்கு வெளியே முந்திரித் தோப்பை ஒட்டிய சின்னக் கோயில். அங்கே இருக்கும் மர உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி அவரிடம், மற்றதன் சாவி சித்தப்பா மகன் கோகுலகிருஷ்ணனிடம். மாசித் திருவிழாவுக்குத்தான் திறக்க வேண்டும், நடுவில் யார் கேட்டாலும் கூடாது, காசு தவிர வேறு பொருள் விழுந்தால் அது சாமி சொத்து, அதைப் பங்காளிகள் முன்னிலையில் ஏலம் விட வேண்டும். எல்லாம் முத்தமிழ்செல்வன் போட்ட விதிதான். ஒரு வருஷம் கோகுலகிருஷ்ணன் மனைவியின் தோட்டுத் திருகாணி காணிக்கைக் காசோடு சேர்ந்து உள்ளே விழுந்துவிட்டது. அந்தப் பெண் கண் கலங்கி நின்றாள். இவரோ மாசி வரைக்கும் காக்க வைத்து, ஏலம் கூறி, அவள் திருகாணியை அவளையே எடுக்க வைத்தார். அன்றிலிருந்து கோகுலகிருஷ்ணன் அவரைப் பார்த்தால் வணக்கம் சொல்வார், சிரிக்க மாட்டார்.

போன சித்திரையில் மகள் பூவிழி ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தாள். கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்ச் சேர்த்த முதல் பணம். பெரம்பலூர் ஷோரூமில் வண்டியை எடுத்து, அய்யனார் கோயிலுக்குக் கொண்டு வந்து, எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்டார்கள். அதற்குத் துளையில் விட்டுத் திருகுகிற சாவி கிடையாது. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு ரிமோட். அது சட்டைப் பையில் இருந்தால் போதும், பக்கத்தில் போய்க் குமிழைத் திருப்பினால் வண்டி 'பீப்' என்று குரல் கொடுத்துக் கிளம்பும். அதிலும் இரண்டு கொடுத்தார்கள். முத்தமிழ்செல்வனுக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

"ஸ்பேர் பத்திரம்ப்பா," என்றாள் பூவிழி.

"யாருகிட்ட சொல்ற பாப்பா?" என்றார் அவர்.

அன்றைக்கே ஸ்பேரை மஞ்சள் துணியில் வைத்து முடிந்து, பூசை அலமாரியில் அய்யனார் படத்துக்குப் பின்னால் வைத்தார். திருடன்கூட அங்கே கை வைக்க மாட்டான் என்பது கணக்கு. வைத்த இடம் ஒருத்தருக்குத்தான் தெரிய வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. அதனால் கொளஞ்சியிடம் சொல்லவில்லை.

சாவி தொலைந்தது ஆவணியில், ஜெயங்கொண்டம் சந்தையில். வண்டியை ஆஃப் பண்ணாமல், சீட்டில் உட்கார்ந்தபடியே குனிந்து கருணைக்கிழங்கை அழுத்திப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த ரிமோட் அப்போதுதான் நழுவியிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த வண்டி சாவி இல்லாமலும் ஓடிக்கொண்டே இருந்தது. நல்ல பிள்ளையாக வீடு வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தது. வாசலில் நிறுத்தி அணைத்தார். அவ்வளவுதான். மறுபடி குமிழைத் திருப்பினால் கட்டை மாதிரி நின்றது.

பையைத் தடவினார். வேட்டி மடிப்பை உதறினார். கிழங்குப் பையைக் கவிழ்த்தார். பஸ் ஏறிச் சந்தைக்குப் போய், முட்டைக்கோஸ் தழைக்குள் கை விட்டுத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு தெம்பு இருந்தது. இதற்குத்தானே ஸ்பேர்!

கொளஞ்சி கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து அலமாரியைத் திறந்தார். அய்யனார் இருந்தார். அய்யனாருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"கொளஞ்சி, இங்க மஞ்சத்துணி முடிச்சு கெடந்துச்சே?" என்றார், பட்டும் படாமல்.

"அதுவா? பாப்பா வேலைக்கு முடிஞ்சது, உங்க பல்லுவலிக்கு முடிஞ்சது, எல்லாம் சேந்து போச்சுங்க. ஆடிப் பதினெட்டுக்குக் கோயிலுக்குப் போனப்ப மொத்தத்தையும் உண்டியல்ல போட்டுட்டேன். ஏன் கேக்குறீங்க?"

அவளுக்கு ஒரு கவலை வந்தால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமியிடம் வைத்துவிடுவாள். அந்த அலமாரியில் மஞ்சள் முடிச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அங்கே போய் இன்னொரு மஞ்சள் முடிச்சைப் போட்டு ஒளித்து வைத்தவரின் முன்யோசனையை என்னவென்று சொல்வது!

"சும்மாதான் கேட்டேன்," என்றார் முத்தமிழ்செல்வன். வண்டிக்குப் பேட்டரி இறங்கிவிட்டது என்றும் சொல்லி வைத்தார்.

மறுநாள் பஸ் பிடித்துப் பெரம்பலூர் போனார். ஷோரூமில் வேணி என்கிற பெண்தான் விவரம் சொன்னாள்.

"ஒன்னு தொலஞ்சா பரவால்ல சார். இன்னொன்ன எடுத்துட்டு வாங்க, அத வச்சுப் புதுசு ஒன்னப் பதிஞ்சு குடுத்துடலாம். ரெண்டுமே இல்லன்னாதான் கஷ்டம், உள்ள இருக்கற யூனிட்டையே மாத்தணும். நாளாவும். ஸ்பேர் இருக்குல்ல சார்?"

அவர் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றது அதுதான் முதல் தடவை. "ஒரு பத்திரமான எடத்துல இருக்கும்மா," என்றார். பொய் இல்லை. இரண்டு பூட்டுக்குள் இருந்தது.

கோகுலகிருஷ்ணனிடம் போய் உண்டியலைத் திறக்கச் சொல்லலாம்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அதைவிட, கொளஞ்சிக்குத் தெரிந்தால் முப்பது வருஷம் உட்கார்ந்து சொன்ன வார்த்தை ஒரே நாளில் செல்லாமல் போய்விடும். பூவிழிக்குத் தெரிந்தால்? அந்தப் பிள்ளை முதல் சம்பாத்தியத்தைக் கொண்டு வந்து கையில் கொடுத்து, பத்திரம்ப்பா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

திரும்பி வரும் வழியில் அரியலூர் தாண்டும்போது அவருக்கு ஒன்று உறைத்தது. ரிமோட் பையில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வண்டிக்குப் பக்கத்தில் இருந்தால் போதுமே!

விடிந்ததும் மெக்கானிக்கிடம் போவதாகச் சொல்லி, வண்டியைத் தள்ளிக்கொண்டே அய்யனார் கோயிலுக்குப் போனார். வேர்த்து விறுவிறுத்து, உண்டியலை உரசுகிற மாதிரி வண்டியை நிறுத்திக் குமிழைத் திருப்பினார்.

'பீப்!'

முத்தமிழ்செல்வன் அப்படியே கீழே விழுந்து கும்பிட்டார். பூசாரி அய்யாக்கண்ணு திருநீற்றுத் தட்டோடு வெளியே வந்தார்.

"என்னண்ணே, வண்டி சாமியப் பாத்ததும் கத்துது?"

"பக்தி," என்றார் முத்தமிழ்செல்வன். வேறு என்ன சொல்ல முடியும்?

அன்று முதல் வண்டி கோயிலிலேயே தங்கியது. காலையில் பழைய சைக்கிளில் கோயிலுக்குப் போவார், உண்டியல் பக்கத்தில் நின்று வண்டியைக் கிளப்புவார், வேலையை முடித்துவிட்டுக் கோயிலில் கொண்டு வந்துதான் அணைப்பார். நடுவில் அணைத்தால் தொலைந்தார். ஜெயங்கொண்டத்தில் டீயை வண்டி மேல் உட்கார்ந்தே குடித்தார். அரியலூர் ரயில்வே கேட்டில் எல்லோரும் வண்டியை அணைத்துவிட்டு நிற்க, இவர் வண்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பெட்ரோல் பங்கில் "ஆஃப் பண்ணுங்க சார்" என்றதும் ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி விருட்டென்று வெளியேறினார். அதற்கப்புறம் பெட்ரோல் கேனில்தான் வந்தது. கீழப்பழுவூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போய், வண்டியை வாசலில் ஓடவிட்டுவிட்டுத் துக்கம் விசாரித்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

ஆனால் ஊரில் அவருக்குப் பேர்தான் கூடியது. தினமும் அய்யனாரைக் கும்பிடாமல் முத்தமிழ்செல்வன் வண்டியைத் தொடுவதில்லை, வண்டியைக்கூட சாமி காவலிலேயே விட்டுவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். கொளஞ்சி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சும்மா இருந்ததை அவர் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முதல் நாள் பூவிழி வந்தாள். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு நம்ம வண்டியிலேயே வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். முத்தமிழ்செல்வன் கோயிலுக்குப் போய் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டு வாசலில் ஓடவிட்டபடி நின்றார். பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தது. வண்டியைத் தடவிப் பார்த்தது. "புதுசு மாதிரியே வச்சிருக்கீங்கப்பா" என்றது.

"எதுக்குப்பா நின்னுக்கிட்டே பெட்ரோல எரிக்கிறீங்க?" என்று சொல்லி, பெட்டியை முன்னால் வைப்பதற்காகக் குனிந்தவள், கையோடு குமிழைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டாள்.

தீபாவளிக் கூட்டம் சுற்றிலும் இரைந்துகொண்டிருந்தது. முத்தமிழ்செல்வன் காதில் ஒன்றும் விழவில்லை.

"கெளம்புங்கப்பா."

"பேட்டரி..." என்று ஆரம்பித்தார். மகள் முகத்தைப் பார்த்தார். கருணைக்கிழங்கில் ஆரம்பித்து உண்டியல் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நீ ஆசையா வாங்கிக் குடுத்தது பாப்பா. ரெண்டையுமே வுட்டுட்டேன்" என்று சொல்லும்போது அந்த மனுஷனுக்குக் கண் கலங்கியது.

பூவிழிக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. அப்பா கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "என்கிட்ட சொல்லிட்டீங்க. அம்மாகிட்ட சொல்லுங்க" என்று போனை எடுத்து எண்ணைப் போட்டு அவர் காதில் வைத்தாள்.

"கொளஞ்சி," என்றார். "வண்டிச் சாவிய நான் தொலைச்சுட்டேன் கொளஞ்சி."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. காற்றோடு கொளஞ்சி குரல் வந்தது. "தெரியுங்க. அங்கனயே நில்லுங்க, பாதி வழி வந்துட்டேன்."

கோகுலகிருஷ்ணன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள் கொளஞ்சியம்மாள். முந்தானை முனையில் ஒரு முடிச்சு இருந்தது.

"வண்டி சாமியப் பாத்துக் கத்துதுன்னு பூசாரி சொன்னாரு. நான் போட்ட முடிச்சுல ஒன்னு காசு மாதிரி இல்லாம கனமா இருந்தது அப்பத்தான் நெனவுக்கு வந்துச்சு. புள்ள வர்ற அன்னிக்கு நீங்க நடுரோட்டுல நிக்கக் கூடாதேன்னு இந்தத் தம்பியத்தான் கேட்டேன். இவுரு காலையிலதான் வெளியூருலேர்ந்து வந்தாரு. நீங்க கெளம்புனதும் தொறந்தோம்."

"என் உண்டியல் சாவி?"

"அரிசி டிரம்முலதான இருக்கு? தெனம் ஒலைக்கு அரிசி எடுக்கறவளுக்குத் தெரியாதா?"

முத்தமிழ்செல்வன் கையை நீட்டினார். கோகுலகிருஷ்ணன் நடுவில் வந்து நின்றார்.

"அவசரப்படாதண்ணே. உள்ள விழுந்தது சாமி சொத்து. பங்காளிங்க எல்லாம் தீவாளிக்கு வந்திருந்தாங்க, அவங்க சரின்னதும் மாசிக்கு முன்னாடியே தொறந்து ஏலம் வுட்டோம். கோயிலுக்கு ஒரு வருஷம் வெளக்கு எண்ணெய்னு அண்ணி கேட்டாங்க. நான் ரெண்டு வருஷம்னேன். அவங்க மூணுன்னாங்க, அதோட வுட்டுட்டேன். சாவி இப்ப அண்ணியோடது." சொல்லிவிட்டுச் சிரித்தார். திருகாணிக்கு அப்புறம் அவர் சிரித்து அன்றுதான் பார்க்க முடிந்தது.

"அந்தத் திருகாணி விஷயத்துல நான் செஞ்சது தப்புதான் தம்பி," என்றார் முத்தமிழ்செல்வன்.

"ஏறுங்கண்ணே, நேரமாவுது," என்றார் கோகுலகிருஷ்ணன்.

கொளஞ்சி முடிச்சை அவிழ்க்கவில்லை. அப்படியே வந்து வண்டிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். முத்தமிழ்செல்வன் குமிழைத் திருப்பினார். 'பீப்' என்றது வண்டி. பூவிழி கோகுலகிருஷ்ணன் சித்தப்பாவின் பைக்கில் ஏறிக்கொண்டு, வீடு வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

தீபாவளி கழிந்து மூன்று பேரும் பெரம்பலூர் போனார்கள். வேணி பழைய சாவியை வைத்துப் புதியதைப் பதிந்து, முத்தமிழ்செல்வன் கையில் ஒன்றும் கொளஞ்சியம்மாள் கையில் ஒன்றுமாகக் கொடுத்தாள். அவர் தன்னுடையதை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் அப்படித்தான் திரிகிறார், குளிக்கும்போதுகூடக் கழற்றிக் கண் முன்னால்தான் தொங்கவிடுகிறார்.

ஆனாலும் அவருக்கு ஒரு அரிப்பு உண்டு. வாரத்துக்கு ஒரு தடவையாவது சமையல்கட்டுப் பக்கம் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்.

"கொளஞ்சி, அந்த ஸ்பேர எங்க வச்சிருக்க?"

கொளஞ்சியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"வச்ச எடத்துலதாங்க வச்சிருக்கேன். எங்கயும் போவாது."