டெய்லரக்காவின் இமைமுடி

தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்கா. பள்ளிச் சீருடை தைப்பதில் கெட்டிக்காரி. பக்கத்துக் கட்டடத்தில் அவள் கணவர் சலூன் வைத்திருந்தார். விடாத இருமலுக்கு மருந்து வாங்கப் போனவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். சிகரெட் வாடையே ஆகாதவள். அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்திருந்தது.

கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்துவிட்டு டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"செல்லுக்கு மேல ஒரு புரதம் இருக்கும்மா. ‘வளரு, பெருகு’ன்னு உள்ளே சேதி சொல்றது அதோட வேலை. உங்க கட்டியில அது கோளாறாகி, ஓயாம சொல்லிக்கிட்டே இருக்கு. இந்த மாத்திரை அதோட வாயை அடைக்கும். ஆனா தோலுக்கும் முடிக்கும் அதே புரதம் வேணும். அங்கயும் கொஞ்சம் குழப்பம் வரும்."

வந்தது. முகமெல்லாம் பரு. அளவு கொடுக்க வந்தவர்கள் ஒட்டிக்கொள்ளுமோ என்று தள்ளி நின்றார்கள். களிம்பில் பரு அடங்கியபோது, இமைமுடி நீண்டு சுருண்டு கண்ணுக்குள் குத்தத் தொடங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பொறுக்கமாட்டாமல் ஒரு முடியைப் பிடுங்கினாள், இமை வீங்கிவிட்டது.

"மாத்திரையை நிறுத்திடறேங்க. என்னால முடியல."

கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவளைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனார். பிடுங்கவே கூடாது, நறுக்கலாம் என்று மருத்துவர் செய்து காட்டினார். கத்தரியில் களிம்பு தடவிக்கொண்டால், வெட்டிய முடி கண்ணில் விழாமல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த முறை முடி நீண்டபோது கணவரே சலூன் நாற்காலியில் அவளை உட்காரவைத்தார். கத்தரி கிட்டே வருவதும் விலகுவதுமாக இருந்தது.

"எத்தனை பேர் மீசையை நறுக்கின கை! இப்படி நடுங்குதே?"

"அவங்கல்லாம் நீ இல்லியே. பேசாதடி, இமை ஆடுது."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முடியாக நறுக்கினார்.

அடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. என்றைக்காவது அது மாத்திரைக்கு மசியாமல் போகலாம், அப்போது வேறு மருந்து பார்ப்போம் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். வெளியே வந்ததும் கணவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அவள் அவர் தலையைக் கோதிக்கொடுத்தாள்.

"போதும், எழுந்திருங்க. பள்ளிக்கூடம் திறக்கப்போகுது. சட்டையெல்லாம் அப்படியே கெடக்கு. நீங்க பொத்தானாவது தைச்சுக் குடுங்க."

தைத்தார். பாதிப் பொத்தான்கள் கோணல். அவர் சலூனுக்குப் போனபிறகு, சத்தமில்லாமல் அவற்றைப் பிரித்து, அவள் திரும்பத் தைத்தாள்.