ரோமாபுரி வழக்கப்படி

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, எங்கள் வீட்டில் என்னை இன்னும் முறைப்படி பிள்ளையாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று நான் உறுதியாக நம்பினேன். அதற்குக் காரணம் ரோமானியர்கள்.

அப்போது நாங்கள் வைட்ஃபீல்டுக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், ஒரு அறையும் சமையலறையுமாக இருந்த வீட்டில் குடியிருந்தோம். அப்பா ஐடி கம்பெனிகளுக்கு ராத்திரி கேப் ஓட்டினார். நான் பள்ளிக்கூட வேனில் ஏறும் நேரத்துக்கு அவர் வீடு திரும்புவார். நான் திரும்பும்போது தூங்கிக்கொண்டிருப்பார். எழுந்ததும் கிளம்பிவிடுவார். அம்மா பிரசவத்துக்காகத் திருப்பத்தூருக்குப் போயிருந்தாள். எனக்குப் பரீட்சை இருந்ததால் என்னைக் கூட்டிப்போகவில்லை. சோறு ஆக்கிப் போடக் கிருஷ்ணகிரியிலிருந்து அத்தை வந்து தங்கினாள். என்னையும் டிவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அத்தையின் கண்ணுக்கு டிவிதான் முதலில் தெரியும்.

சாயங்காலம் மொட்டைமாடிக்குத் துணி எடுக்க வரும் வீட்டுக்கார ஆன்ட்டி, "ஊட்டா ஆய்தா?" என்று கன்னடத்தில் கேட்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு நான் பேசிய பேச்சு பல நாட்களில் அந்தப் பதில் மட்டும்தான். அதையும் துணிக்கொடியைப் பார்த்துத்தான் சொன்னேன். அந்த மாதங்களில் எனக்கு அழுகை வரவில்லை. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்றுதான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சோஷியல் மிஸ் பெரிய படப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து ரோமாபுரியைப் பற்றிச் சொன்னார். வெள்ளைத் துணியைத் தோளில் சுற்றிய ஆண்கள், ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே சாப்பிடும் விருந்தாளிகள், ஊருக்குள் தண்ணீர் கொண்டுவரும் வளைவு வளைவான கால்வாய்கள். குடும்பத்தில் அப்பா வைத்ததுதான் சட்டமாம். மனைவி, பிள்ளைகள், அடிமைகள் எல்லோரும் அவர் கைக்குள் அடக்கமாம். எங்கள் அப்பா இன்னொரு டம்ளர் டீ வேண்டுமென்றால்கூட அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார் என்பதால் எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு மிஸ் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு நின்றது. ரோமாபுரியில் குழந்தை பிறந்ததும் அதை அப்பாவின் காலடியில் தரையில் கிடத்துவார்களாம். அவர் குனிந்து தூக்கினால் அது அந்த வீட்டுப் பிள்ளை. தூக்காமல் போய்விட்டால் எங்காவது வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். யாராவது எடுத்துப்போய் அடிமையாக வளர்த்தாலும் வளர்க்கலாம்.

அந்த வாரமே திருப்பத்தூரில் தம்பி பிறந்தான். அப்பா ஒருநாள் லீவு போட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அத்தையின் செல்லுக்குப் போட்டோ வந்தது. அப்பாவின் கையில் தம்பி. "பாப்பா எப்பிடி கீது பாரு" என்று அத்தை காட்டினாள். அதுவரை அந்த வீட்டில் பாப்பா என்றால் நான்தான்.

"நான் பொறந்தப்ப அப்பா என்னத் தூக்கினாரா அத்த?" என்று கேட்டேன்.

"உங்கப்பன் அப்ப எங்க இருந்தான்? வண்டியில இருந்தான். நீ கவுந்து படுக்க ஆரம்பிச்சப்பறம் தான வந்தே பாத்தான்" என்றாள் அத்தை, சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பியைத் தூக்கியாகிவிட்டது, என்னைத் தூக்கவேயில்லை. பிறந்தபோது விட்டுப்போனதை இப்போதாவது அப்பாவைச் செய்யவைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை அத்தை பால் வாங்க இறங்கியதும் கதவைத் திறந்துவைத்து, வாசலுக்குக் குறுக்கே வெறுந்தரையில் படுத்துக்கொண்டேன். பாய் போடவில்லை. ரோமானியக் குழந்தைகளுக்குப் பாய் கிடையாது. சிமெண்ட் தரை முதுகில் சில்லென்று இருந்தது. அப்பாவின் செருப்புச் சத்தம் படியேறி வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன், முழுசாக இல்லை.

"பாப்பா, இன்னாத்துக்கு இங்க படுத்துகினு கீற?" என்றார் அப்பா.

பிறந்த குழந்தை பேசாது என்பதால் நான் பேசவில்லை. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பாதி குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக நிமிர்ந்துவிட்டார்.

குனிந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டுவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. என்னைத் தாண்டி உள்ளே போய்விடுவார் என்று காத்திருந்தேன். அவர் தாண்டவும் இல்லை. படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் அது வளராது என்று எங்கள் வீட்டில் யாரும் தாண்ட மாட்டார்கள். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்தவர் தன் வீட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எந்திரிம்மா" என்று இன்னொரு தடவை சொன்னார். நான் அசையவில்லை.

அப்புறம் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முதலில் முட்டிபோட்டு, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் அவரும் தரையில் படுத்தார். படிக்கட்டுத் தூசியில், யூனிபார்ம் சட்டையோடு. கையை நீட்டி என் தலைமேல் வைத்தார். "தூங்கு" என்றார். கையில் டீசல் வாசனை அடித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தரையில் இருக்கும் பிள்ளையைத் தூக்காமல் இவரும் சேர்ந்து தரையில் படுத்தால் ரோமாபுரியில் யார் ஒப்புக்கொள்வார்கள்?

பால் பாக்கெட்டோடு ஏறிவந்த அத்தை, அப்பனும் மகளும் வாசலை அடைத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனாள். என் தோளைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினாள். அந்தக் கணக்குப்படி நான் அத்தையின் பிள்ளையாகிவிட்டேன். அது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

அடுத்து அப்பாவின் பக்கம் போய், அவருடைய இரண்டு அக்குளிலும் கைகொடுத்தாள். "கீழ படுக்காதன்னு டாக்டர் அவ்ளோ சொல்லிகீறாரு இல்ல" என்று முணுமுணுத்தாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார். சட்டை மேலேறி, இடுப்பில் கட்டியிருந்த அகலமான பெல்ட் தெரிந்தது. அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஐடி கார்டு மாதிரி, டிரைவர்களுக்கெல்லாம் கம்பெனி கொடுப்பது என்று நினைத்திருந்தேன்.

அந்தப் போட்டோ இப்போதும் எங்களிடம் இருக்கிறது. அதில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தம்பியை அவர் மடியில் வைத்துத் தாங்கிப் பிடித்திருக்கும் வளையல் போட்ட கைகள் ஓரத்தில் தெரிகின்றன. அன்றைக்கு நான் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை.

குனிந்து பார்த்தும் தூக்காமல் விட்டார் என்று வெகுநாள் மனத்தாங்கலோடு இருந்தேன். படுத்தால் தன்னால் தானாக எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தேதான் அவர் என் பக்கத்தில் படுத்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.